காபோ சொன்ன கதைகள் நடந்த வழி

1870-இல் கேப்டவுன் துறைமுகத்துக் கைதிகளிடையே ஹாம் இனத்து சான் மக்கள் இருபத்தெட்டுப் பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் மேல் ஆடுமாடு திருடிய குற்றச்சாட்டு. அதற்கு முன்பே அவர்களுடைய வேட்டைக்காட்டையும் நீர்ச்சுனைகளையும் வெள்ளைக்காரப் பண்ணையாளர்கள் வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த வழக்குகள் விளங்கும்.

ஜெர்மனியிலிருந்து வந்த மொழியறிஞர் வில்ஹெல்ம் பிளீக் கவர்னரிடம் அனுமதி வாங்கி, இவர்களில் சிலரைத் தன் மௌப்ரே வீட்டில் தங்கவைத்தார். 1871 பிப்ரவரியில் வந்தவர் காபோ. அறுபதை நெருங்கியவர், கதைசொல்லி. எழுதிக்கொண்டவர்கள் பிளீக்கும் அவருடைய மனைவியின் சகோதரி லூசி லாயிடும். நோட்டின் ஒரு பக்கத்தில் ஹாம் மொழி, அதை ஒட்டியே ஆங்கிலம், எதிர்ப்பக்கம் குறிப்புகளுக்கு. நாம் உச்சுக் கொட்டுவோமே, அதுபோன்ற ஒலிகள் அந்த மொழியில் சொல்லுக்குச் சொல் வரும். அவற்றுக்குத் தனிக் குறிகள் போட்டு, காபோ சொல்லச் சொல்ல லாயிட் எழுதினார். வேகமாக எழுத முடியாது. எழுதுகிறவர் கைக்காகச் சொல்கிறவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காபோ அங்கே தங்கினார். ஊருக்குப் போக வேண்டும், வருகிறவர்கள் வாயால் கதை கேட்க வேண்டும் என்ற ஏக்கத்தையே அவர் கதையாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் தன் மக்களின் கதைகள் புத்தகத்தின் வழியே பிறருக்குத் தெரியவரும் என்ற நினைப்பு அவருக்குப் பிடித்திருந்ததாக லாயிட் பதிவு செய்கிறார். 1873 அக்டோபரில் ஊர் திரும்பினார், 1876 ஜனவரியில் இறந்தார். புத்தகத்தைப் பார்க்கவில்லை.

பிளீக் 1875-லேயே இறந்துவிட்டார். அவர் பார்த்த நூலக வேலையை லாயிட் பாதிச் சம்பளத்துக்குச் செய்தார், 1880-இல் அதிலிருந்தும் நீக்கப்பட்டார். எழுதுவதை மட்டும் விடவில்லை. மொத்தம் 12,000 பக்கங்களுக்கு மேல். பெரும்பகுதி அவர் கையெழுத்து. அதில் ஒரு சிறு பகுதி லண்டனில் புத்தகமாக அச்சேற 1911 வரை ஆனது. ஆப்பிரிக்க நாட்டார் கதைத் தொகுப்பு என்றாலே இவருடைய பெயர்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும்.

அந்தப் புத்தகம் வெளிவந்த சமயத்தில்தான் பிளீக்கின் மகள் டோரத்தியா ஹாம் மக்களின் பழைய ஊர்ப்பக்கம் தேடிப் போனார். மிஞ்சியிருந்த சில முதியவர்களில் ஒருவருக்கும் ஒரு கதைகூடத் தெரியவில்லை. நாற்பதே ஆண்டுகளில் இது நடந்துவிட்டது. பிறகு மொழியும் போயிற்று. கதைகள் இருந்த இடம் அந்த நோட்டுகள் மட்டுமே. அவையும் கேப்டவுன் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1970-களில் ரோஜர் ஹெவிட் என்ற ஆய்வாளர் விசாரித்த பிறகே மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. 2021 ஏப்ரலில் மலைத்தீ அந்த நூலகத்தின் வாசிப்புக்கூடத்தை எரித்தது. இந்த நோட்டுகள் தப்பின. இப்போது பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன.

நண்பர்கள் நாங்கள் சிலர் இவற்றைச் சேர்ந்து படிக்கிறோம், வாய்விட்டு, ஆளுக்குக் கொஞ்சமாக. தனியாகப் படிக்கும்போது என்னை அலுக்கவைத்தது, ஒரே வாக்கியம் மூன்று நான்கு முறை திரும்பி வருவது. கண் அதைத் தாண்டிப் போகும். குரலில் படித்தால் தாண்ட முடியாது. கும்பிடுபூச்சி மருமகனின் செருப்பைத் தண்ணீரில் போட்டு ஈலந்து மானை உண்டாக்கி, தேன் தடவி வளர்க்கிற கதையில், அது ஒவ்வொரு முறை மானைக் கூப்பிடும்போதும் கேட்கிறவர்களுக்கு மான்மேல் பாசம் கூடுகிறது. வேட்டைக்காரர்கள் மானைக் கொன்ற இடத்தில் படித்தவருடைய குரல் தடுமாறியது. இந்தக் கதைகளுக்கு எதிரில் ஆள் வேண்டும். லாயிட் மெதுவாக எழுதியதால்தான் அந்தத் திரும்பச் சொல்லலும் உதிராமல் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நிலாவும் முயலும் கதையில் எங்களுக்குள் சண்டையே வந்தது. தாய் இறந்துவிட்டாள் என்று முயல்குட்டி அழுகிறது. அழாதே, நான் தேய்ந்து வளர்வதுபோல அவளும் வருவாள் என்கிறது நிலா. முயல் நம்பவில்லை, அவள் செத்தேவிட்டாள் என்று சாதிக்கிறது. கோபத்தில் நிலா அதன் வாயில் அடிக்க உதடு பிளக்கிறது. இனி மனிதர்கள் செத்தால் திரும்பவே மாட்டார்கள் என்ற சாபமும் விழுகிறது. அவநம்பிக்கைக்குக் கிடைத்த தண்டனை என்றார் ஒருவர். சமீபத்தில் தாயை இழந்த தோழி ஒருத்தி ஒத்துக்கொள்ளவே இல்லை. பிணத்துக்கு அருகில் நின்றது முயல்தான், நிலா தூரத்தில்தானே இருந்தது என்றாள். நான் அவள் பக்கம். அன்றைக்கு வேறு கதைக்குப் போகாமல் அதையே இன்னொரு முறை, இந்தத் தடவை அவளையே படிக்கச் சொல்லிக் கேட்டோம்.