திறப்பு திரும்புகிறது, எஞ்சின் ஏன் மறுக்கிறது?

"சேர், கார் திறப்பின் பிளாஸ்டிக் உடைஞ்சு போச்சு. கடையில புது உறை வாங்கி, இரும்பையும் புதுசா வெட்டிப் போட்டேன். கதவு திறக்குது, ஆனா ஸ்டார்ட் ஆகுதில்ல."

ஊரில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. நாம் உடனே பற்றரியையும் ஸ்டார்ட்டர் மோட்டரையும் சந்தேகிப்போம், வாகனத்தைக் கராஜுக்கு இழுப்போம். பல வேளைகளில் காரணம் குப்பையில் வீசிய பழைய உறைக்குள் கிடக்கும். ஏன் என்று விளங்க, திறப்பின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆரம்பகாலக் கார்களில் எஞ்சினை உயிர்ப்பித்தது திறப்பு அல்ல. முன்பக்கம் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் கை முறியும். சார்ள்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912 மாடல் கெடிலாக் காரில் வந்த பிறகுதான் அந்த ஆபத்து குறையத் தொடங்கியது. அப்போதும் திறப்பின் வேலை மின்சாரத்தைத் திறந்து விடுவது மட்டுமே. ஸ்டார்ட்டருக்குத் தனியாக ஒரு பொத்தானோ மிதியோ இருந்தது. நம் நாட்டில் இன்றும் ஓடும் பழைய மொரிஸ் மைனர் சிலவற்றில் இதைப் பார்க்கலாம். திறப்பைத் திருப்பிவிட்டு ஒரு குமிழை இழுக்க வேண்டும்.

இந்த இரண்டு வேலையையும் ஒரே திருப்பலில் சேர்த்தது கிறைஸ்லர் நிறுவனம், 1949இல். வசதிதான். ஆனால் அந்தத் திறப்பு வெறும் இரும்பு. அதே வடிவில் வெட்டினால் எவரும் காரை எடுக்கலாம். வயர் இரண்டை இணைக்கத் தெரிந்த கள்வனுக்குத் திறப்பே தேவையில்லை.

1986 மாடல் கோர்வெட் காரில் ஜெனரல் மோட்டர்ஸ் ஒரு புது வழியைக் கொண்டுவந்தது. திறப்பின் இரும்பில் ஒரு சின்ன மின்தடையைப் பதித்தார்கள். 15 வகை அளவுகளில் ஒன்று அதில் இருக்கும். அளவு பிழைத்தால் கார் சில நிமிடங்களுக்குக் கிளம்பாது. திறப்பின் வடிவம் சரியாக இருந்தும் எஞ்சின் மறுக்கும் காலம் அப்படித்தான் தொடங்கியது.

1990களின் ஆரம்பத்தில் ஐரோப்பாவில் கார்த் திருட்டு பெருகியது. அதன் பிறகு வந்ததுதான் இன்று நம் கையில் இருக்கும் சிப் திறப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 1998இலும் அவுஸ்திரேலியா 2001இலும் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கின.

இது வேலை செய்யும் விதம் எளிது. திறப்புக்குள் இருக்கும் சிப்புக்குப் பற்றரி கிடையாது. திறப்புத் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அது அனுப்பும் வானொலி அலையிலிருந்தே சிப் மின்சாரம் பெற்று, தன் இரகசிய இலக்கத்தைக் கொண்டு பதில் சொல்லும். பதில் சரியென்றால் மட்டுமே எஞ்சின் கணினி இயங்க விடும். இல்லாவிட்டால் சில வாகனங்களில் ஸ்டார்ட்டரே சுழலாது. வேறு சிலவற்றில் எஞ்சின் ஓரிரு செக்கன் ஓடி அணைந்துவிடும்.

இந்தச் சின்னத் துண்டின் பெறுமதியை அமெரிக்கா அண்மையில் பார்த்தது. அங்கே விற்ற பல கியா, ஹியுண்டாய் மாடல்களில் இந்த வசதி இருக்கவில்லை. 2021, 2022இல் இளைஞர்கள் வெறும் யூஎஸ்பி வயரின் முனையை வைத்தே அவற்றைத் திருடிச் சென்றார்கள்.

ஆகவே நம் உடைந்த திறப்புக்கு வருவோம். ரிமோட், இரும்பு, சிப் மூன்றும் ஒரே உறைக்குள் இருந்தாலும் மூன்றும் வெவ்வேறு. ரிமோட் கதவைத் திறக்கும், இரும்பு பூட்டைத் திருப்பும், அனுமதி தருவது சிப் மட்டுமே. கதவு திறக்கிறது என்பதற்காகத் திறப்பு நல்லது என்று முடிவெடுக்க வேண்டாம்.

🔑 உறை உடைந்தால் பழையதை வீச வேண்டாம். உள்ளே அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாயோ, சின்னக் கறுப்புத் துண்டோ இருக்கிறதா பாருங்கள். அதைப் புதிய உறைக்கு மாற்ற வேண்டும். சில திறப்புகளில் அது ரிமோட் பலகையிலேயே இருக்கும். அப்போது பலகையை முழுதாக மாற்றுங்கள்.

🔑 ஸ்டார்ட் ஆகாதபோது டேஷ்போர்டில் திறப்பு அல்லது பூட்டு அடையாளம் மின்னுகிறதா பாருங்கள். மின்னினால், ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் சிப்பைச் சோதியுங்கள்.

🔑 பொத்தான் அழுத்தும் வாகனத்தில் திறப்பின் பற்றரி இறங்கியிருந்தால், பிரேக்கை மிதித்தபடி திறப்பைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து முயலுங்கள். பல மாடல்களில் வேலை செய்யும்.

🔑 பாவித்த வாகனம் வாங்கும்போது இரண்டாவது திறப்பைக் கேளுங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால், அது நல்லாக இருக்கும்போதே இன்னொன்றைப் பதிவு செய்யுங்கள். வேலை செய்யும் திறப்பு ஒன்று கையில் இருந்தால் அடுத்ததைப் பதிவது இலேசு. எல்லாம் தொலைந்தால் வாகனத்தின் கணினியிலேயே கைவைக்க வேண்டி வரும், செலவும் பல மடங்காகும்.

வீட்டில் ஒரே ஒரு திறப்போடு வாகனம் ஓடுபவர்களுக்கு இதைப் பகிர்ந்து விடுங்கள்.