செம்பருத்தியும் காகிதப்பூவும்

செம்பருத்தியும் காகிதப்பூவும் புதுச்சேரியின் ஊர்ப்புற வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் இரு அழகுச் செடிகள். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் செம்பருத்தி கிணற்றடியிலும் கொல்லையிலும் நிற்கும். காகிதப்பூ வாசல் வளைவிலும் மதிலிலும் படரும். முன்னது நாட்டுச் செடி, பின்னது சீமைச் செடி என்று இவற்றைப் பிரித்துப் பேசுவது வழக்கம். இரண்டின் வரலாறும் அந்தப் பிரிவுக்கு இடம் தருவதில்லை. இவற்றைப் பிரிப்பது தண்ணீர்தான். வேரடியில் ஈரம் குறையாதிருந்தால் செம்பருத்தி பூக்கிறது; வேரடி காய்ந்து நனையும்போது காகிதப்பூ பூக்கிறது. மூன்று மாத மழையையும் நீண்ட வெயிலையும் கொண்ட இந்த மண்ணில், எதை எங்கே நடுவது என்ற கேள்விக்கு இந்த ஒரு வேறுபாடே பெரும்பகுதி விடை தருகிறது.

பெயரும் உறவும்

செம்பருத்தி என்றால் சிவந்த பருத்தி. மருத்துவ நூல்களில் இச்சொல் செம்மலர் பூக்கும் பருத்தி வகையையும் குறிக்கும். முன்பே அறிந்த ஒரு பயிரின் பெயரை மற்றொரு செடிக்கும் சூட்டியவர்கள் உறவைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள்: பருத்தி, வெண்டை, பூவரசு, புளிச்சை யாவும் செம்பருத்தியின் குடும்பமே. யாழ்ப்பாணத்தில் இது செவ்வரத்தை. மலையாளக் கரையின் தாவரங்களைப் பற்றி டச்சுத் தளபதி வான் ரீடு தொகுக்க, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலிலும் இது செம்பரத்தி என்ற பெயரிலேயே இடம்பெறுகிறது. காகிதப்பூவின் பெயர் அதன் தோற்றத்திலிருந்து வந்தது. தாள்போல் மெலிந்து நிறங்காட்டுபவை இதழ்கள் அல்ல, பூவடி இலைகள். மூன்று இலைகள் சூழ, நடுவில் நிற்கும் சிறு வெண்குழல்களே பூக்கள். அந்திமந்தாரையும், ஊர்களில் கீரையாகச் சமைக்கப்படும் மூக்கிரட்டையும் இதன் நெருங்கிய உறவினர்.

வந்த வழி

காகிதப்பூவின் தாயகம் தென் அமெரிக்கா. உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல் தலைவர் லூயி அந்துவான் தெ பூகன்வில் 1767இல் ரியோ தெ ஜெனிரோவில் தங்கியபோது, உடன் வந்த தாவரவியலர் பிலிபேர் கொமேர்சோன் அங்கே இச்செடியைச் சேகரித்துத் தலைவரின் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயரைத் தாவரவியலர் அந்துவான் லோரான் தெ ழுசியே 1789இல் நூலில் பதித்தார். இந்தியாவில் இது 1860இல் கல்கத்தாவை அடைந்ததாகத் தோட்டக்கலை நூல்கள் குறிக்கின்றன. அதற்கு முன்பே, 1826இல், பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் தாவரவியல் பூங்காவை அமைத்திருந்தது. பல நாட்டுச் செடிகளை இங்கே பழக்கிய தாவரவியலர் ஜார்ஜ் சாமுவேல் பெரோத்தே 1870இல் புதுச்சேரியிலேயே இறந்தார். பிற்காலத்தில் இந்தியா காகிதப்பூவின் முக்கிய வளர்ப்பிடமாகவே ஆனது: உலகெங்கும் உருவாகும் காகிதப்பூ வகைகளைப் பதிவு செய்யும் பொறுப்பு தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம் உள்ளது.

செம்பருத்தியின் பூர்வீகம் இதைவிடச் சிக்கலானது. தாவரவியலர் லின்னேயஸ் 1753இல் அதற்குச் சீன ரோஜா என்று பொருள்படும் பெயரை வைத்தார். ஆயினும் சீனத்திலோ இந்தியாவிலோ இது காட்டுச் செடியாகக் காணப்படவில்லை. எங்கும் மனிதர் நட்ட செடியாகவே இருக்கிறது. அண்மைக்கால ஆய்வுகள் பசிபிக் தீவுகளைச் சுட்டுகின்றன. தாகித்தி வட்டாரத்து இனம் ஒன்றும் வனுவாட்டுத் தீவுகளின் இனம் ஒன்றும் பழங்காலத் தீவுவாசிகளின் தோட்டங்களில் கலந்து பிறந்ததே செம்பருத்தி என்பது அவற்றின் முடிவு. பூகன்வில்லின் கப்பல்கள் 1768இல் தாகித்தியையும் வனுவாட்டுத் தீவுகளையும் தொட்டே கடந்தன. ஆக, ஒரு செடிக்குப் பெயர் தந்த பயணமே மற்றொன்றின் மூதாதையர் நிலத்தின் வழியாகவும் சென்றிருக்கிறது. இரண்டும் கடல் தாண்டி வந்தவை. ஒன்று முன்னே வந்தது, மற்றது பின்னே வந்தது.

நீரும் மண்ணும்

பிறந்த இடத்தின் பழக்கத்தைச் செடி மறப்பதில்லை. மழைக்கும் வறட்சிக்கும் இடையே மாறி மாறி வாழ்ந்த காகிதப்பூ, தண்ணீர் குறையும்போது இலையை உதிர்த்து, அடுத்த ஈரத்தில் நிறத்தைக் கொட்டும். நீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் கொடி நீண்டு இலை மட்டுமே செழிக்கும். ஈரக்காற்று வீசும் தீவுகளிலிருந்து வந்த செம்பருத்தியோ பெரிய மெல்லிய இலைகளைத் தாங்கி நாள்தோறும் புதுப் பூவை மலர்த்துகிறது. ஒரு பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரே பகல். அன்றாடச் செலவுக்கு அன்றாட வரவு வேண்டும்; ஈரம் தடைப்பட்டால் மொட்டு உதிர்ந்துவிடும்.

புதுச்சேரியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1300 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. சனவரியிலிருந்து மே வரை வானம் பெரும்பாலும் வறண்டிருக்கும். காகிதப்பூ நிறைந்து பூப்பதும் அந்த மாதங்களில்தான். வில்லியனூர் கொம்யூனின் மேட்டுச் செம்மண்ணில் நீர் விரைந்து வடிவதால் அது எளிதாக வேர்கொள்ளும். அதே மண்ணில் செம்பருத்திக்குத் தொழுவுரமும் மூடாக்கும் இட்டுத் தண்ணீரைத் தக்கவைக்க வேண்டும். சங்கராபரணிக் கரை வண்டலில் செம்பருத்திக்கு அந்த உழைப்பு குறையும். தென்பெண்ணையின் நீர் பங்காரு வாய்க்கால் வழியே ஏரிக்கு வந்து நெல் விளைவிக்கும் பாகூரில் களிமண் மிகுதி; பெருமழையில் நீர் தேங்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதியைச் சூழ்ந்தது. தேங்கிய நீரில் இரண்டு செடிகளுமே வேரழுகும். ஆகவே பாகூர்க் களியில் எதை நட்டாலும் மேடு கட்டி, மணலும் மக்கும் கலந்தே நட வேண்டும். கடலோர ஊர்களில் கிணற்று நீர் உப்பேறிய இடங்களில் செம்பருத்தி இலைநுனி கருகி வாடும். காகிதப்பூ அதை ஓரளவு தாங்கும்.

மறுப்புகளும் விடைகளும்

காகிதப்பூ சீமைச் செடி என்பதால் ஒதுக்க வேண்டும் என்பது முதல் மறுப்பு. அந்த அளவுகோலால் செம்பருத்தியும் தேறாது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகருக்குக் கப்பலேறிய நிலக்கடலையும், நம் குழம்பில் விழும் மிளகாயும்கூட அமெரிக்க வரவுகளே. வந்த செடி இங்கே என்ன செய்கிறது என்பதே பார்க்க வேண்டியது. சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் தாமாகப் பரவி நிலத்தைப் பிடித்துக்கொண்டன. தோட்டக் காகிதப்பூ இங்கே அரிதாகவே விதைக்கிறது. குச்சி நட்டாலன்றிப் பரவுவதில்லை.

செம்பருத்தி சாமிக்கும் கூந்தலுக்கும் ஆகிறது, காகிதப்பூவால் என்ன பயன் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் நியாயம் உண்டு. விநாயகருக்கும் அம்மனுக்கும் சாத்தும் பூவாக, தலைக்குத் தேய்க்கும் இலை விழுதாக, தேன்சிட்டுக்கு உணவாகச் செம்பருத்தி தரும் பயனுக்குக் காகிதப்பூ ஈடாகாது. ஆயினும் ஆடு மாடு நுழையாத முள்வேலியாக, நீர் ஊற்ற ஆளில்லாத மதிலோரத்தின் பசுமையாக அது செய்யும் வேலையைச் செம்பருத்தி செய்ய முடியாது. வறட்சி தாங்குவதால் காகிதப்பூவையே எங்கும் நடலாம் என்பது மூன்றாவது வாதம். நிழல் விழும் கொல்லையிலும், கழுவுநீர் ஓயாமல் பாயும் இடத்திலும் அது இலைக்கொடியாகவே நின்றுவிடும். சிறுவர் ஓடியாடும் முற்றத்துக்கு அதன் முள்ளும் ஏற்றதன்று. ஒரே செடியால் வீட்டின் எல்லாப் பக்கத்தையும் நிரப்ப முடியாது.

வளர்ப்பு

இரண்டையும் முற்றிய குச்சியிலிருந்தோ பதியத்திலிருந்தோ பெருக்கலாம். இரண்டும் புதுத் தளிரில் பூப்பதால் கவாத்து இரண்டுக்கும் தேவை: காகிதப்பூவை ஒரு பூப்பு முடிந்ததும் வெட்டலாம், செம்பருத்தியைக் கோடைக்கு முன் லேசாகக் கழிக்கலாம். காகிதப்பூவுக்கு நாளில் குறைந்தது ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும்; செம்பருத்தி பிற்பகல் நிழலை ஏற்கும். புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் கைவினைக்குப் பெயர்போனது வில்லியனூர். சுடுமண் தொட்டியின் சுவர் ஈரத்தை விரைந்து வெளியேற்றி வேரை நெருக்கிவைப்பதால் அது காகிதப்பூவுக்கு மிகவும் பொருந்தும்; அதே தொட்டியில் செம்பருத்தி வைத்தால் கோடையில் தினமும் நீர் ஊற்ற வேண்டும். மாவுப்பூச்சி செம்பருத்தியின் நிலையான எதிரி. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் தாக்கியது. 2010இல் ஒட்டுண்ணிக் குளவிகள் விடப்பட்ட பின்பே அடங்கியது. வெண்டைப் பாத்திக்கு அருகே செம்பருத்தி நடுவதைத் தவிர்ப்பது நல்லது. உறவுச் செடிகளுக்குப் பூச்சியும் பொதுவே.

கிணற்றடியில் செம்பருத்தி, வாசல் மதிலில் காகிதப்பூ என்ற ஊர் வழக்கம் இந்தக் காரணங்களோடு முழுதும் ஒத்துப்போகிறது. துவைத்த நீரும் குளித்த நீரும் ஓடும் பக்கம் ஒரு செடிக்கு, வெயில் காயும் பக்கம் மற்றொரு செடிக்கு. கைப்பம்பும் குழாயும் வந்து கிணற்றடியே மறைந்துவரும் வீடுகளில் அந்த இட ஒதுக்கீடு நினைவிலிருந்து நழுவுகிறது. குழாயடி நீர் வழியும் பக்கத்துக்கே செம்பருத்தியைக் கொண்டுபோனால் போதும், அந்த அறிவு புதிய வீட்டிலும் தொடரும்.