மாணவர் சபைகள்: தலைமை விளைந்த நிலம்

ஒரு பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர், கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டையும், மணிக்கூண்டு எழுந்த ஆண்டையும், பணியாற்றிய குருக்களின் பெயர்களையும் தவறாது குறிப்பர். கோயிலை அடுத்த உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் தாங்களே கூடி நடத்திய சபைகளையும் மன்றங்களையும் குறிப்பவர் அரியர். ஆயினும் வகுப்புத் தலைவனாகவும், இலக்கிய மன்றச் செயலராகவும், பீடச் சிறுவர் சபைப் பொறுப்பாளனாகவும் இளமையிலேயே பழகியவர் பலர், பின்னாளில் பங்குப் பேரவையில் அமர்ந்து திருவிழாக் கணக்கைக் காசு பிசகாமல் ஒப்படைக்கக் காண்கிறோம். இச்சபைகள் எவ்வாறு தோன்றின, எதனால் நிலைத்தன என்பதைச் சிறிது ஆராய்வது இந்த யூபிலி வேளைக்குப் பொருத்தமாகும்.

உரோமையில் ஒரு வகுப்பறை

1551-ஆம் ஆண்டு புனித இஞ்ஞாசியார் உரோமை நகரில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அங்கே இலக்கணம் கற்பித்து வந்தவர் யோவான் லெயூனிஸ் என்னும் இளம் இயேசு சபைத் துறவி. 1563-ல் அவர் மாணவர் சிலரை வகுப்பு முடிந்தபின் ஒன்றுகூட்டினார். சேர்ந்து செபிப்பது, படிப்பில் முன்னேறுவது, ஏழை எளியவருக்கு உதவுவது என்பவையே அவர்களுடைய நோக்கங்கள். இவ்வாறு பிறந்ததுதான் மரியாயின் சபை. நம் பெரியவர்கள் 'சொடாலிட்டி' என்று அழைத்தது இதனையே. 1584-ல் பாப்பரசர் 13-ம் கிரகோரியார் இதனை முறைப்படி ஏற்று, மற்ற இடங்களின் சபைகளுக்கெல்லாம் தாய்ச் சபையாக உயர்த்தினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குரு ஆன்ம வழிகாட்டியாக இருந்தார். ஆனால் தலைவரையும் துணைவரையும் செயலரையும் உறுப்பினர்களே தேர்ந்துகொள்வது வழக்கமாயிற்று. 1773-ல் இயேசு சபையே கலைக்கப்பட்டபோதும், இச்சபைகள் பல அழியாமல் நின்றன. ஊன்றிய கை விலகிய பின்னும் செடி நின்றதென்றால், வேர் அதனுடையதாய் இருந்தது என்பதன்றோ பொருள்? 1967-ல் இச்சபை 'கிறிஸ்தவ வாழ்வுக் குழு' என்னும் புதுப்பெயருடன் புத்துயிர் பெற்றது.

தூரின் நகரில் ஒரு சிறுவன்

இதே உண்மையை இன்னும் தெளிவாகக் காட்டுவது, இத்தாலியில் தூரின் நகரத்து வால்தோக்கோவில் புனித தொன் போஸ்கோ நடத்திய இல்லம். அங்கே பயின்ற தோமினிக் சாவியோவுக்கு அப்போது வயது 14. நல்ல நண்பர்கள் தனித்தனியே நன்மை செய்வதைவிட, ஒரு சபையாய்ச் சேர்ந்து செய்தால் என்ன என்று அவன் எண்ணினான். தோழர்களும் அவனும் கூடி விதிகளை எழுதினர். 1856 ஜூன் 8-ஆம் நாள் அமலோற்பவ மாதா சபை தொடங்கியது. வாரந்தோறும் கூடினர். முரடர், சோம்பேறி, புதிதாய் வந்து வீட்டை நினைத்து ஏங்குபவன் ஆகியோரின் பெயர்களை எடுத்து, இவன் உன் பொறுப்பு, அவன் என் பொறுப்பு என்று பகிர்ந்துகொண்டனர்.

தொன் போஸ்கோ அவ்விதிகளைக் கிழித்தெறியவுமில்லை. தாமே புதிதாய் எழுதித் தரவுமில்லை. படித்துப் பார்த்தார்; ஏற்றார்; சில குறிப்புகளை மட்டும் சேர்த்தார். இவ்வாக்குறுதிகள் நேர்ச்சை ஆகா, இவற்றை மீறுவது பாவமாகாது என்றார். கோயிலைத் துப்புரவு செய்வது, அறியாத சிறுவனுக்கு ஞானோபதேசம் கற்பிப்பது போன்ற பிறரன்புச் செயல்களை மேற்கொள்ளுமாறு சொன்னார். பெரியவர் செய்ய வேண்டிய உதவி இவ்வளவே!

சபை தோன்றி 9 மாதங்கள் முடிந்ததும், 1857 மார்ச் 9-ல் தோமினிக் இறந்தான். சபை இறக்கவில்லை. 1859 டிசம்பர் 18 இரவு, தொன் போஸ்கோவின் அறையில் அவரோடு சேர்த்து 18 பேர் கூடிச் சலேசிய சபையை நிறுவினர். அவர்களுள் பலர் சிறுவர்களின் அந்தச் சபையில் பழகியவர்களே. அன்றிரவு அவர்கள் வாக்களித்து ஆன்ம வழிகாட்டியாகத் தேர்ந்தெடுத்த மைக்கேல் ரூவாவுக்கு வயது 22. அவரே 1888-ல் தொன் போஸ்கோவுக்குப்பின் சபையின் தலைமையை ஏற்றார். அன்று ஆலோசகராகத் தேர்வு பெற்ற யோவான் கலியேரோ, 1875-ல் முதல் மறைபரப்புக் குழுவை அர்ஜென்டினாவுக்கு நடத்திச் சென்றார். 1915-ல் கர்தினால் ஆனார். அதே சபையின் துறவிகள் 1906-ல் நம் தஞ்சைக்கு வந்து சேர்ந்தனர். பள்ளிச் சிறுவர் கூடிய ஒரு மூலையிலிருந்து தஞ்சை வரை எத்தனை தொலைவு!

நம் பள்ளிகளில்

பெல்ஜிய நாட்டுக் குருவான யோசேப்பு கார்டைன் இளம் தொழிலாளருக்குக் கற்பித்த 'பார், தீர்மானி, செயல்படு' என்னும் முறையை, 1961-ல் திருத்தந்தை 23-ம் அருளப்பர் தமது சுற்றுமடலில் இளைஞருக்கு உகந்ததெனப் போற்றினார். இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தின் வழியாக அம்முறை தமிழகத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் வேரூன்றியது. பள்ளி மாணவத் தலைவர், இலக்கிய மன்றம், சாரணர் படை, செஞ்சிலுவை எனப் பொது அமைப்புகளும் நம் பள்ளிகளில் உண்டு. அவற்றில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் தோளோடு தோள் நின்று பழகுகின்றனர்.

ஆனால் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. தலைவனைப் பிள்ளைகள் தேர்கின்றனரா, அல்லது மதிப்பெண் பட்டியல் தேர்கிறதா? கூட்டத்தின் தீர்மானத்தை எழுதுவது மாணவச் செயலரா, ஆசிரியரா? ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் மாற்றலாகிச் சென்றதும் ஒரு மன்றம் மூடப்படுமானால், அது பிள்ளைகளின் மன்றமாய் இருந்ததில்லை. பிள்ளைகள் தவறுவார்கள், கணக்கில் சறுக்குவார்கள், கூட்டத்தில் சச்சரவிடுவார்கள். பள்ளி மதிலுக்குள் சறுக்கி எழப் பழகாதவன், நாளை ஊர்ப் பொறுப்பில் சறுக்கினால் அவனைத் தாங்குவார் யார்?

ஐம்பதாம் ஆண்டில் நிலம் உரியவரிடமே திரும்ப வேண்டும் என்பது லேவியர் ஆகமம் கூறும் யூபிலிச் சட்டம். இவ்விழாவில் நாமும் ஒன்றைத் திருப்பிக் கொடுப்போம். பிள்ளைகளின் சபைகளைப் பிள்ளைகளிடமே ஒப்படைப்போம். தேர்தலும், தீர்மானப் புத்தகமும், பின்தங்கிய ஒரு தோழனுக்கான பொறுப்பும் அவர்கள் கையில் இருக்கட்டும். தொன் போஸ்கோவைப் போல் நாம் அருகில் நிற்போம். அமலோற்பவ அன்னை நம் பிள்ளைகளைக் காத்து வழிநடத்துவாராக!