முதுமையும் விலைவாசியும்: ஜெர்மனி கற்ற பாடம்

விலைவாசி ஏறினால் ஏழை அழுவான், பணக்காரன் தப்பிவிடுவான் என்று பொதுவாகச் சொல்வார்கள். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் அதில் அடங்கிவிடவில்லை. உழைத்து ஓய்ந்த முதியவர்களைப் பொறுத்தவரை, ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எந்த உருவில் இருக்கிறது என்பதும் அவர் வாழ்வை முடிவு செய்கிறது. உழைக்கும் வயதினர் கூலி உயர்வு கேட்கலாம், வேறு வேலை தேடலாம், வேலைநிறுத்தமும் செய்யலாம். ஓய்வு பெற்றவருக்கு இவ்வழிகள் அடைபட்டுவிட்டன. என்றோ தேடி வைத்ததைக் கொண்டே அவர் இன்று அடுப்பெரிக்க வேண்டும். இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டிய நாடு, முதல் உலகப் போருக்குப் பிந்திய ஜெர்மனியாகும்.

மார்க் வீழ்ந்த கதை

1914-ஆம் ஆண்டு போர் மூள்வதற்கு முன், ஓர் அமெரிக்க டாலரின் மதிப்பு 4.20 மார்க். போர்ச் செலவுக்கு வேண்டிய அளவு வரி விதிக்கத் தயங்கிய ஜெர்மானிய அரசாங்கம் கடனையே பெரிதும் நம்பியது. ஒன்பது முறை போர்க்கடன் பத்திரங்களை வெளியிட்டு, ஏறத்தாழ 9,800 கோடி மார்க் திரட்டியது. நூற்றுக்கு 5 வட்டி தருவதாக வாக்களித்தது. நாட்டுப் பற்றுள்ள குடும்பங்கள் பல தம் சேமிப்பை அப்பத்திரங்களில் இட்டன.

1918-இல் ஜெர்மனி தோற்றது. போர் இழப்பீட்டுச் சுமை ஒருபுறம், வரவை மீறிய செலவு மறுபுறம். இரண்டையும் ஈடுகட்ட அரசாங்கம் நோட்டு அச்சடித்தது. 1922 தொடக்கத்தில் டாலருக்கு 190 மார்க் அளவில் இருந்த மதிப்பு, 1923 ஜனவரியில் 18,000 அளவுக்குச் சரிந்தது. அதே மாதத்தில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழில் வட்டாரத்திற்குள் புகுந்தன. வேலையை நிறுத்தி அறப்போர் புரிந்த தொழிலாளர்களுக்கு அரசாங்கம் நோட்டு அச்சடித்தே படியளந்தது. 1923 நவம்பரில் பெர்லின் நகரில் ஒரு ரொட்டியின் விலை சுமார் 20,000 கோடி மார்க். டாலர் ஒன்றுக்கு 4,20,000 கோடி மார்க்! நவம்பர் 15-இல் ‘ரென்டன்மார்க்’ என்னும் புது நாணயம் வந்தது. பழைய மார்க் ஒரு இலட்சம் கோடிக்குப் புது மார்க் ஒன்று என்று கணக்கு முடிந்தது.

நால்வகை முதியவர்கள்

இப்புயலில் சிக்கிய முதியவர்களை நான்கு வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதல் வகையினர் தொழிலாளர்கள். பிஸ்மார்க் காலத்தில் 1889-இல் இயற்றப்பட்ட சட்டப்படி அவர்களுக்கு முதுமைக்கால உதவித்தொகை உண்டு. 70 வயதில் கிடைத்து வந்த அத்தொகை, 1916-இல் 65 வயதிலேயே கிடைக்க வழி செய்யப்பட்டது. தொடக்கத்திலிருந்தே அது சிறு தொகை. அதனை மட்டும் நம்பி வாழ முடியாது. விலை ஏறியதும் அதுவும் கரைந்தது. 1921 முதல் அரசாங்கம் தனி உதவி வழங்கியும் பசி தீரவில்லை. ஆயினும் நாணயம் நிலைபெற்ற பின், புதிதாக வசூலான சந்தாப் பணத்தையும் அரசாங்க உதவியையும் கொண்டு அத்திட்டம் மீண்டும் எழுந்து நின்றது.

இரண்டாம் வகையினர் ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர்கள். பணியில் இருப்போரின் சம்பளம் உயர்ந்தபோது இவர்களுடைய ஓய்வுச் சம்பளமும் உயர்த்தப்பட்டது. உயர்வு எப்போதும் விலைக்குப் பின்னாலேயே நொண்டி நொண்டி வந்தது என்பது உண்மை. எனினும் கயிறு அறுபடவில்லை.

மூன்றாம் வகையினரை ஜெர்மானியர் ‘கிளைன்ரென்ட்னர்’, அதாவது சிறு வருவாய்க்காரர் என அழைத்தனர். சிறு வணிகத்தை விற்றுவிட்டு ஓய்ந்தவர்கள், கணவன் விட்டுச் சென்ற தொகையில் வாழ்ந்த கைம்பெண்கள், மணமாகாத முதிய மாதர்கள் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். இவர்கள் சூதாடிகள் அல்லர். அரசாங்கப் பத்திரம், வீட்டு அடைமானக் கடன், சேமிப்பு வங்கி ஆகிய, பாதுகாப்பானவை என்று எல்லாரும் கருதிய இடங்களிலேயே பணத்தை வைத்தனர். தாய் தந்தையற்ற சிறுவர்களின் பணத்தைக் காப்பாளர்கள் அத்தகைய முதலீடுகளில் வைக்க வேண்டும் என்று சட்டமே விதித்திருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40,000 மார்க்கை நூற்றுக்கு 4 வட்டியில் வைத்த ஒருவருக்கு ஆண்டு வருவாய் 1,600 மார்க். போருக்கு முன் அதன் மதிப்பு ஏறத்தாழ 380 டாலர். 1922 ஜனவரியில் அதே 1,600 மார்க் எட்டரை டாலருக்கும் குறைவு. 1923 ஜனவரியில் 9 காசு! உள்நாட்டு விலைகள் டாலரைப் போல் அவ்வளவு விரைவாக ஏறவில்லை என்று கழித்துப் பார்த்தாலும், வாழ வழியற்றுப் போயிற்று என்பதில் ஐயமில்லை. 1923 பிப்ரவரியில் இவர்களுக்கென உதவிச் சட்டம் ஒன்று வந்தது. ஆனால் உள்ளூர் அதிகாரிகள் சொத்து சுகங்களைத் துருவி விசாரித்த பின்னரே உதவி கிட்டும். ஊருக்குக் கொடுத்துப் பழகிய கைகள், வாங்குவதற்கு வரிசையில் நின்றன.

நான்காம் வகையினர் நிலம், ஆலை, வீடு முதலிய உடைமை கொண்ட முதியவர்கள். நிலத்தின் மேல் வாங்கியிருந்த பழைய கடனைச் செல்லாக் காசில் அடைத்துவிட்டு, முழு நிலத்தையும் உரிமையாக்கிக் கொண்டனர். வாடகைக் கட்டுப்பாட்டினால் வீட்டுக்காரரின் வருவாய் அற்றுப்போனாலும், வீடு நின்றது; அதன் மேலிருந்த கடன் மறைந்தது. கடன் கொடுத்த கைம்பெண் இழந்ததைக் கடன் வாங்கிய உடைமையாளர் பெற்றார்.

தீர்ப்பும் தாமதமும்

‘மார்க் என்றால் மார்க்தான்’ என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டு, பழைய கடனைச் செல்லா நோட்டில் அடைப்பதைச் சட்டம் ஏற்று வந்தது. 1923 நவம்பர் 28-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் அக்கொள்கையை உடைத்தது. நாணயத்துக்கு அது முரண் என்றது. அதன் பின் 1925 ஜூலையில் வந்த சட்டம், அடைமானக் கடன்களை முன்னைய பொன் மதிப்பில் நூற்றுக்கு 25 என்ற அளவில் மீட்டுத் தந்தது. ஆனால் முதலைத் திருப்பிக் கொடுக்க 1932 வரை தவணை விட்டது. 70 வயதுக் கிழவர் 77 வயது வரை காத்திருக்க வேண்டும்! அரசாங்கப் பத்திரம் வைத்திருந்தோர் பெற்றது இதனினும் குறைவு.

இம்மக்களுக்கு அரசின் மேல் இருந்த நம்பிக்கை அற்றது. பழைய நடுநிலைக் கட்சிகளை விட்டு அவர்கள் விலகினர். இழந்த சேமிப்பை மீட்பதற்கென்றே தோன்றிய ஒரு கட்சி 1928 தேர்தலில் இரண்டு இடங்களையும் பெற்றது. ஹிட்லரின் எழுச்சிக்கு விலையேற்றத்தைவிட, 1930-க்குப் பின் வந்த வேலையில்லாத் திண்டாட்டமே நெருங்கிய காரணம். ஆனாலும், நம்பி ஏமாந்த நடுத்தர மக்களின் மனக்கசப்பு, அத்தீமைக்கு முன்னரே நிலத்தைப் பண்படுத்தி வைத்தது எனலாம்.

நமக்கு என்ன?

நம் மண்ணும் இதன் சாயலை அறியும். 1942 முதல் 1945 வரை வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுகள் இங்கே புழங்கின. ஆங்கிலேயர் திரும்பியதும் அவை வெறுங் காகிதமாயின. பின்னர் 1951-இல் மலாயாவில் ஊழியர் சேமநிதியும், 1955-இல் சிங்கப்பூரில் மத்திய சேமநிதியும் தோன்றின. தொழிலாளியின் முதுமைக்கு ஒரு கைத்தடி கிடைத்தது.

ஜெர்மனி கண்ட சூறாவளி அரிது. ஆனால் விலை மெல்ல ஏறும்போதும் அதே வேலை ஓசையின்றி நடக்கிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு 3 வீதம் விலை ஏறினால், 24 ஆண்டுகளில் அது இரட்டிப்பாகும். 60 வயதில் மாறாத வருவாயோடு ஓய்வு பெற்றவர், 84 வயதில் அதன் பாதி மதிப்பைக் கொண்டே வாழ வேண்டும். வீடும் பங்குகளும் உடையவர் தாங்கிக்கொள்வார். விலையோடு உயரும் ஓய்வுச் சம்பளம் பெறுபவர் சமாளிப்பார். கையில் வெறும் ரொக்கம் வைத்திருப்பவரும், வாடகை வீட்டில் வாழ்பவரும் மெல்ல மெல்லத் தேய்வர். வறியவருக்கோ தேய்வதற்கும் ஒன்றுமில்லை. அவருக்கு ஒவ்வொரு காசு உயர்வும் ஒரு பிடி சோற்றின் குறைவு.

சேமிக்கச் சொல்வது மக்களுக்கு நல்லுரை. சேமித்த பணத்தின் மதிப்பைக் காப்பது அரசின் கடமை. முன்னதை மக்கள் செய்து முடித்த பின், பின்னதை அரசு மறந்ததனால் நேர்ந்த அவலமே ஜெர்மானிய முதியவர்களின் வரலாறு.