ஆலை மூடினாலும் ஓடும் கார்

பழைய காரை வாங்குவது ஆசையா, வீண் செலவா? மாத வருமானத்தில் குடும்பம் நடத்துபவர்களுக்கு இது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால், பிரிட்டனில் பல்லாயிரம் பேர் இந்தக் கேள்விக்குத் தங்கள் சேமிப்பைக் கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பலர் வாங்கிய கார் எம்ஜிபி.

ஆக்ஸ்போர்ட் நகரில் வில்லியம் மோரிஸ் நடத்திய கார் விற்பனை நிலையத்தின் பெயர் மோரிஸ் கராஜஸ். அங்கு நிர்வாகியாக இருந்த சிசில் கிம்பர், சாதாரண மோரிஸ் கார்களுக்குப் புதிய வடிவம் கொடுத்து விற்கத் தொடங்கினார். கடையின் பெயரிலிருந்த முதல் எழுத்துகளே எம்ஜி என்ற எண்கோணச் சின்னம் ஆயின. 1929இல் அருகிலுள்ள அபிங்டன் என்ற சிற்றூருக்குத் தொழிற்சாலை இடம் மாறியது.

எம்ஜிபி 1962இல் அறிமுகமானது. இருவர் அமரும் திறந்த கார். 1,798 சிசி இயந்திரம். அதன் பாகங்களில் பல, அதே நிறுவனத்தின் குடும்பக் கார்களில் இருந்தவைதான். அதனால் விலை அதிகமில்லை. பழுது பார்ப்பதும் எளிது. இளம் ஆசிரியரும் அலுவலக ஊழியரும் கூட வாங்கக்கூடிய பந்தயக் கார் தோற்றம் என்பதே அதன் வெற்றியின் ரகசியம். 18 ஆண்டுகளில் 5 லட்சத்திற்கும் அதிகமான கார்கள் தயாராயின. அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குச் சென்றது.

விழா முடிந்ததும் வந்த செய்தி

அமெரிக்காவே அதன் பலம். அதுவே பலவீனமும் ஆனது. அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974இல் பளபளத்த குரோமியம் பம்பர்களை எடுத்துவிட்டு, கனமான கறுப்பு ரப்பர் பம்பர்களைப் பொருத்தினார்கள். காரின் உயரத்தையும் கூட்டினார்கள். வளைவுகளில் கார் முன்பு போல் நிதானமாகத் திரும்பவில்லை. உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனமோ கடனில் தத்தளித்தது. புதிய மாதிரிக்குப் பணம் ஒதுக்கவில்லை. பவுண்டு நாணயத்தின் மதிப்பு ஏறியதும் ஏற்றுமதியில் நட்டம் என்றது.

1979 செப்டம்பரில் அபிங்டன் மக்கள் தொழிற்சாலையின் 50ஆம் ஆண்டைக் கொண்டாடினார்கள். விழா முடிந்த கையோடு, செப்டம்பர் 10ஆம் தேதி திங்கட்கிழமை, மூடுவிழா அறிவிப்பு வந்தது. ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத் தலைவர் தலைமையில் ஒரு குழு அதை வாங்க முயன்றும் பலிக்கவில்லை. 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளியே வந்தது.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் தடுத்தவர்கள் அந்தக் காரின் சொந்தக்காரர்கள்.

துருவை வென்றவர்கள்

எம்ஜிபியின் பெரிய எதிரி துரு. இந்தக் காரில் தனிச் சட்டம் கிடையாது. உடற்கூடுதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. மேலே கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற பகுதிதான் முதுகெலும்பு. அது உள்ளுக்குள் அரித்துப் போனால் கார் நடுவில் தொய்ந்துவிடும். மேலே புதுச்சாயம் அடித்து இதை எளிதாக மறைத்துவிடலாம்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதலில் இயந்திரத்தைப் பார்ப்பதில்லை. கதவின் ஓரத்து இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா, கதவு உரசாமல் மூடுகிறதா, தரை விரிப்புக்கு அடியில் தகடு உறுதியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இயந்திரத்தைச் சீர்செய்வது சுலபம். அரித்த கூட்டை வெட்டி ஒட்டும் கூலி காரின் விலையையே மிஞ்சிவிடும். மலிவாகக் கிடைத்த காரே முடிவில் அதிகச் செலவு வைத்த கதைகள் ஏராளம்.

உரிமையாளர் சங்கங்கள் உதிரிப் பாகங்களுக்கான தேவையை உயிரோடு வைத்திருந்தன. அந்தத் தேவையை நம்பி, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் தகடு அழுத்தும் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988இல் எம்ஜிபியின் முழு உடற்கூட்டையும் மறுபடி தயாரித்தது. ஆலை மூடி எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு காருக்குப் புது உடம்பு! பழைய இயந்திரத்தையும் சக்கரங்களையும் அதில் பொருத்தி, உரிமையாளர்கள் தங்கள் கார்களுக்கு மறுவாழ்வு தந்தார்கள். அந்தக் கூட்டை அடிப்படையாக வைத்து 1992இல் எம்ஜி ஆர்வி8 அறிமுகமானது. ஏறத்தாழ 2,000 கார்கள் தயாராயின. பெரும்பாலானவை ஜப்பானுக்குச் சென்றன.

பிரிட்டனில் 40 வயதைக் கடந்த கார்களுக்குச் சாலை வரி இல்லை. 2018 முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத அத்தகைய கார்களுக்கு ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. சலுகைதான், ஆனால் பிரேக் பிடிக்குமா, துரு எங்கே என்று பார்க்கும் பொறுப்பு முழுவதும் சொந்தக்காரர் தலையில் விழுகிறது.

எம்ஜி ரோவர் நிறுவனம் 2005இல் நொடித்துப்போய், அந்தப் பெயர் சீனாவின் கைக்கு மாறியது. 2024இல் மலேசியச் சந்தைக்கும் அதே எண்கோணச் சின்னத்துடன் புதிய கார்கள் வந்தன. பெயரைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அபிங்டன் தொழிலாளர்களின் கைவேலையை மட்டும், துருவைச் சுரண்டி எண்ணெய் ஊற்றும் சாதாரண மனிதர்கள்தான் இன்னமும் சாலையில் ஓட வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீண் செலவு என்று அதை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியுமா?