பிராட்ஃபோர்டின் இரவு ஆலைகள்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 1875-இல் எழுந்த மூர்சைடு கம்பளி நூற்பாலை, 1974 முதல் தொழில் அருங்காட்சியகமாக விளங்கி வருகிறது. பழைய நூற்பு, நெசவு இயந்திரங்கள் அங்கே காக்கப்பட்டுள்ளன.

நாம் எண்ணிப் பார்ப்பது அந்நகர ஆலைகளின் இரவுப் பணியை. பெண்கள் இரவில் வேலை செய்யச் சட்டம் தடை விதித்திருந்தது. உள்ளூர் ஆண்களோ அதனை விரும்பவில்லை. 1950, 60-களில் அவ்விடத்தை நிரப்பியோரில் பெரும்பாலோர் மீர்ப்பூர்ப் பகுதியினர். 1967-இல் நிறைவுற்ற மங்களா அணை அவர்களில் பலருடைய ஊர்களை நீரில் ஆழ்த்திற்று. ஒருவர் எழுந்து ஆலைக்குச் சென்றதும், இரவுப் பணி முடித்து வந்தவர் அதே படுக்கையில் உறங்குவார். மிச்சப்பட்ட பணம் ஊருக்குச் சென்றது. (சபராளிகளின் வீட்டாருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.) 1959-இல் ஹோவர்டு தெருவில் ஒரு வீட்டையே பள்ளிவாசலாக ஆக்கிக்கொண்டனர். பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, வேலையிழந்து நின்றவர்களில் அவர்களும் மிகுதி.