'செவ்வாய்க் கிரகத்தினர் வந்துட்டாங்க!' - ஹாலோவீன் ரேடியோ நாடகம் கேட்டு அமெரிக்காவே அலறியது நிஜமா?

ஹாலோவீன் நெருங்கினாலே போனில் பேய்க்கதை ஆடியோக்கள் வரிசை கட்டும். நைட் ஷிப்ட் முடிந்து அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஆவடிக்கு பஸ்ஸில் போகும்போது இயர்போனில் ஒன்றைக் கேட்டுப் பாருங்க, பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தோணும். இந்த ஆடியோக்களுக்கெல்லாம் தாத்தா என்றால், 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் ரேடியோவில் ஒலித்த 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாடகம்தான்.

எச்.ஜி.வெல்ஸின் நாவலை ஹாலோவீனுக்காக நாடகமாக்கியவர், அப்போது 23 வயதே ஆன ஆர்சன் வெல்ஸ். அவர் செய்த தந்திரம் ஒன்றுதான்: கதையைக் கதையாகச் சொல்லாமல் செய்தியாக வாசிக்க வைத்தார். ஓடிக்கொண்டிருக்கும் இசை திடீரென நிற்கும். நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில் கிராமத்தில் விண்கல் விழுந்ததாக அறிவிப்பு வரும். நிருபர் ஸ்பாட்டிலிருந்து பேசுவார்.

அந்த நிருபராக நடித்தவர், முந்தைய ஆண்டு ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்தபோது பதிவான நேரடி வர்ணனையைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயிற்சி எடுத்தாராம். அவர் பேச்சு பாதியில் அறுந்ததும் சில நொடிகள் வெறும் மௌனம். நாடகத்திலேயே பயங்கரமான இடம் அதுதான்.

நாடே தெருவுக்கு ஓடியதா? இல்லை. அன்றிரவு எடுக்கப்பட்ட ஒரு சர்வேயில் நாடகத்தைக் கேட்டதாகச் சொன்னவர்கள் சுமார் 2 சதவீதம்தான். தொடக்க அறிவிப்பைத் தவறவிட்டு நடுவில் டியூன் செய்த சிலர் நிஜமாகவே பயந்தார்கள். ஊதிப் பெருக்கியது மறுநாள் பத்திரிகைகள். ரேடியோ தங்கள் விளம்பர வருமானத்தைப் பறிக்கிறதே என்ற கடுப்பும் அவற்றுக்கு இருந்தது.

ஆனால் 1949 பிப்ரவரியில் ஈக்வடாரின் கீட்டோ நகர ரேடியோ இதே கதையைப் போட்டபோது விளையாட்டு வினையானது. நாடகம்தான் என்று தெரிந்ததும் மக்களின் பயம் கோபமாக மாறி, ரேடியோ நிலையக் கட்டடத்துக்கே தீ வைத்தார்கள். குறைந்தது 6 பேர் பலி.

நம்ம பக்கத்துல?

நம்ம பக்கத்தில் இதே வேலையைச் செய்தது வாட்ஸ்அப். 2018 மே மாதம் 'குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கு' என்ற ஃபார்வேர்டுகள் வட மாவட்டங்களைச் சுற்றின. ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டில் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன சென்னைப் பாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததைச் சந்தேகித்து அடித்தார்கள். அவரும் உயிரிழந்தார். பேய்க்கதை கேட்டு யாரும் கம்பு எடுப்பதில்லை. அதைக் கதை என்று தெரிந்தே கேட்கிறோம்.

சந்தேகமான ஆடியோ வந்தால்?

மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. 'இப்பதான் நம்ம ஏரியாவுல' என்று பதறும் குரல், தேதியோ தெருப் பெயரோ சொல்கிறதா என்று கவனியுங்க. நிஜமாகவே சந்தேகம் இருந்தால் 112, குழந்தைகள் தொடர்பாக என்றால் 1098. பொதுமக்களிடம் பீதி கிளப்பும் வதந்தியைப் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா 353-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.